வெட்கத்தை முதலாகப் போடும் வியாபாரம்

அச்சில் வந்த எதற்கும் எம்மவரிடையே ஒரு தனி மதிப்பு உண்டு. வாயாற் சொன்னால் நம்பாதவர்களும் எழுத்திற் கண்டால் நம்பிவிடுவார்கள். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில், இந்த நம்பிக்கையால் சோறு தின்றவன் நான். அதன் ஆபத்தையும் நன்கு அறிவேன். ஒருவரின் பெயர் தவறான செய்தியொன்றில் அகப்பட்டுவிட்டால், மறுநாள் போடும் திருத்தத்தை யாரும் தேடிப் படிப்பதில்லை. ஊர் முதல்நாட் செய்தியையே நினைவில் வைத்திருக்கும்.

வங்கி மாதந்தோறும் அனுப்பும் கணக்குக் கூற்றும் அச்சில் வருவதுதான். அதிலே திகதி இருக்கிறது, தொகை இருக்கிறது, கடையின் பெயர் இருக்கிறது. ஆகையால் அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கூற்றில் ஓர் இரவுக் களியாட்ட விடுதியின் பெயர் வந்துவிட்டால் என்ன நடக்கும்? அதுவும் தென்மராட்சியில், வேலிக்கு வேலி காது வைத்திருக்கும் ஒழுங்கையொன்றில் உள்ள வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்து சேர்ந்தால்?

அண்மையில் சாவகச்சேரிக்குப் போயிருந்தபோது அப்படியொரு வீட்டின் துயரத்தை நேரிற் கண்டேன். அந்த வீட்டுப் பெரியவர் இளைப்பாறிய கணித ஆசிரியர். ஊருக்கு அவர் 'மாஸ்ரர்'. அவருடைய மனைவி 'ரீச்சர்'. ஒரே மகன் கொழும்பில் வேலை செய்கிறான். அவனுக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாதகம் பொருந்தி, பெண் வீட்டார் வந்துபோக நாள் பார்க்கும் கட்டம். மாஸ்ரரிடம் ஒரு கடனட்டை இருக்கிறது. அதே கணக்கில் மகனுக்கும் ஓர் உபரி அட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். அவசர ஆபத்துக்கு உதவட்டும் என்ற எண்ணம்தான்.

அம்மாதக் கூற்றிலே ஒரே இரவில் மூன்று செலவுகள். ஐரோப்பிய நகரமொன்றின் பெயர். அதற்கு முன்னால் 'நைட் கிளப்' என்ற சொற்கள் பாதியில் அறுந்து நின்றன. மூன்றையும் கூட்டினால் மாஸ்ரரின் இரண்டு மாத ஓய்வூதியத்தை விஞ்சும்.

நான் போனபோது கூற்று வந்து ஒரு வாரமாகியிருந்தது. அந்த ஒரு வாரமும் வீட்டில் ஒருவரோடொருவர் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்த தொலைபேசி அழைப்புக்கு மறுமொழி சொல்லப்படவில்லை. "கடன் எண்டால் கட்டிப்போடலாம் தம்பி. இதை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று மாஸ்ரர் என்னிடம் கேட்டார். அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பணத்தைச் சத்தமின்றிக் கட்டுவது, கூற்றைக் கிழித்துப் போடுவது, பெண் வீட்டாருக்குப் பேச்சைத் தள்ளிப்போடுமாறு சொல்லியனுப்புவது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட அவருக்கு நா எழவில்லை.

"இதை ஒருக்கால் பாரும்" என்று கூற்றை என் கையில் தந்தார். பத்திரிகையாளன் எதையும் தலைப்பிலிருந்து படிப்பதில்லை, அடியிலிருந்து படிப்பான். அட்டை வாரியாகச் செலவுகள் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இருந்தன. விடுதிச் செலவுகள் நின்ற பகுதியின் நான்கு இலக்கங்களைப் பார்த்துவிட்டு, மாஸ்ரரின் அட்டையை எடுத்துவரச் சொன்னேன். ஒத்துப் பார்த்தால், அது மகனின் அட்டை அன்று, அவருடையது!

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். "அப்ப நான்தான் போயிருக்கிறன் போல" என்றார். ஒரு வாரமாகச் சிரிக்காத ரீச்சர் சிரித்துவிட்டார். எழுபத்தாறு வயது. அவ்வாண்டு ஆனையிறவைத் தாண்டாத மனிதர். செலவு நடந்த அன்று அவர் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் கிளினிக்கில் இருந்தார் என்பதற்குக் கிளினிக் கொப்பியில் திகதி முத்திரை இருந்தது.

இந்த நிகழ்ச்சியை நகைச்சுவையாக எண்ணி நான் இங்கே எழுதவில்லை. இலக்கங்கள் மாறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது மகனின் அட்டை இலக்கமாக இருந்திருந்தாலும் அவன் குற்றவாளி என்று ஆகிவிடாது. திருடனுக்குத் தகப்பனின் அட்டையும் ஒன்றுதான், மகனின் அட்டையும் ஒன்றுதான். ஆனால் அந்த வீட்டில் விசாரணையே நடந்திராது. தண்டனை மாத்திரம் நடந்திருக்கும்.

எனவே, கூற்றில் உள்ள ஒரு வரி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் அறிந்துவைத்திருத்தல் நன்று. ஒரு குறிப்பிட்ட அட்டை எண்ணிலிருந்து, ஒரு குறிப்பிட்ட வியாபாரியின் கணக்குக்கு, இவ்வளவு பணம் கோரப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அட்டையை யார் வைத்திருந்தார், எதை வாங்கினார், எங்கே நின்றார் என்பவற்றை அது சொல்வதில்லை.

முதலில் பெயர். கூற்றில் வியாபாரியின் பெயருக்கு ஒதுக்கப்படும் இடம் ஏறத்தாழ இரண்டு டசின் எழுத்துகள் மட்டுமே. நீண்ட பெயர்கள் இடையில் அறுந்துபோகும். அங்கே வருவது பெயர்ப்பலகையில் உள்ள பெயராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமுமில்லை. சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட நிறுவனத்தின் பெயராகவோ, நகர் என்ற இடத்தில் அதன் தலைமை அலுவலகம் உள்ள ஊரின் பெயராகவோ இருக்கலாம். இரவு விடுதிகள் பல, வாடிக்கையாளரின் வீட்டில் சச்சரவு வராமலிருக்க, உணவகம் போலவோ வெறும் வர்த்தகக் கம்பனி போலவோ தோன்றும் பெயரில் பணம் அறவிடுவதுண்டு. மறுபுறம், விடுதி என்று பெயர் வந்தால் அங்கே குடித்துக் கூத்தாடினார்கள் என்றும் பொருளில்லை. வெள்ளி இரவு நடன விடுதியாக இயங்கும் மண்டபம் ஞாயிறு காலையில் கலியாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் வாடகைக்கு விடப்படலாம். அங்கே வாகனம் நிறுத்தக் கட்டிய காசும் அதே பெயரில்தான் வரும்.

அடுத்தது திகதி. செலவு நடந்த நாள் ஒன்று, வங்கி அதைக் கணக்கிற் பதிந்த நாள் வேறொன்று. இரண்டுக்குமிடையே சில நாட்கள் கழியலாம். வெளிநாட்டுச் செலவானால் நேர வித்தியாசமும் நாணய மாற்றும் சேர்ந்து குழப்பும். 'அன்று நீ எங்கே நின்றாய்?' என்று பிள்ளையைக் கேட்பதற்கு முன்னர், எந்த 'அன்று' என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, கூற்றில் பெரும்பாலும் அச்சிடப்படாத, ஆனால் வங்கியிடம் உள்ள விபரங்கள். ஒவ்வொரு வியாபாரிக்கும் அவருடைய தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு. உணவகத்துக்கு 5812. மதுச்சாலைக்கும் இரவு விடுதிக்கும் 5813. தங்குவிடுதிக்கு 7011. இது வியாபாரியின் வங்கி அவருடைய பிரதான தொழிலைப் பார்த்து இடுவது. ஒவ்வொரு செலவுக்கும் 23 இலக்கங்கொண்ட தொடர்பு எண் ஒன்றும் உண்டு. அதைக் கொண்டு வியாபாரியின் வங்கிவரை தேடிச்செல்லலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, அட்டை எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது. சில்லு செருகப்பட்டதா, காந்தப் பட்டி இழுக்கப்பட்டதா, தொட்டுச் செலுத்தப்பட்டதா, அல்லது இணையத்தில் எண் தட்டச்சுச் செய்யப்பட்டதா? இந்தக் கேள்விக்கு வங்கியால் விடை சொல்ல முடியும். நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

மாஸ்ரரின் கூற்றில் இன்னுமொரு தடயம் இருந்தது. விடுதிச் செலவுகளுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், வேறொரு அந்நியப் பெயரில், சில நூறு ரூபா மட்டுமே கொண்ட ஒரு வரி. அது அவருடைய கண்ணிற் படவேயில்லை. களவெடுத்த அட்டை எண் உயிரோடு இருக்கிறதா என்று கள்வர் ஆழம் பார்ப்பது இவ்வாறுதான். சிறு கல்லை எறிந்து பார்த்து, நாய் குரைக்காவிட்டால் வேலி பாய்வார்கள்.

அட்டைக் களவுக்கு எந்த நாடும் விலக்கன்று. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரித்தானியாவில் 'ஷெல்' நிறுவனம் தன்னுடைய சுமார் 600 பெற்றோல் நிலையங்களில் சில்லும் இரகசிய இலக்கமும் கொண்டு பணம் பெறுவதைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அட்டை வாசிக்கும் கருவிகளில் மோசடிக்காரர் கைவைத்து, வாடிக்கையாளரின் கணக்குகளிலிருந்து பத்து இலட்சம் பவுணுக்கு மேல் எடுத்துவிட்டனர். சில்லு முறை அந்நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. இலங்கையும் அதே 2006இல் கொடுப்பனவுச் சாதனங்கள் தொடர்பான மோசடிகளுக்கென 30ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. இவ்வகைக் களவு அன்றே இங்கும் வந்துவிட்டது என்பதற்கு அச்சட்டமே சான்று.

ஆனால் பெற்றோல் நிலையத்தின் பெயரைக் கூற்றிற் காணும் ஒருவர் உடனே வங்கிக்குத் தொலைபேசி எடுப்பார். இரவு விடுதியின் பெயரைக் காண்பவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். இந்த வேறுபாட்டை நன்கு புரிந்துகொண்ட ஒரு கூட்டம் நியூயோர்க்கில் இருந்தது.

2014ஆம் ஆண்டு யூன் மாதம் அந்நகர அதிகாரிகள் நான்கு பெண்களையும் குவீன்ஸ் பகுதி விடுதியொன்றின் முகாமையாளர் ஒருவரையும் கைதுசெய்ததாக அறிவித்தனர். வசதி படைத்த ஆண்களோடு பேச்சுக்கொடுத்துப் பழகி, அவர்களுடைய பானத்தில் போதைப்பொருள் கலந்து, நினைவு தடுமாறிய நிலையில் நடன விடுதிக்கு அழைத்துச்சென்று, அவர்களுடைய அட்டைகளிலிருந்து இயன்றவரை பணத்தை இழுப்பது அக்கூட்டத்தின் தொழில். விடுதியிலிருந்து தமக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்வார்கள். 2013இன் இறுதி மாதங்களில் மட்டும் நால்வரிடமிருந்து ஏறத்தாழ 200,000 டொலர் இவ்வாறு அறவிடப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் நியூ ஜேர்சியைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர். தன் கணக்கில் விழுந்த 135,000 டொலருக்கு மேற்பட்ட தொகையை அவர் கட்ட மறுத்தபோது, விடுதி அவர்மீதே வழக்குத் தொடுத்தது. அவர் வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பகிரங்கமாக மறுத்தார். பின்னர் அந்தப் பெண்கள் நீதிமன்றில் குற்றத்தை ஏற்றுக்கொண்டனர். இச்சம்பவங்களை ஒரு சஞ்சிகைக் கட்டுரை 2015இல் விரிவாக எழுத, அதைத் தழுவி 2019இல் 'ஹஸ்ட்லேர்ஸ்' என்ற ஹொலிவூட் படமும் வந்தது.

அவர்களுடைய வியாபாரத்தின் மூலதனம் எது? போதைப்பொருள் என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் அந்த மனிதர்களுக்கு வரும் வெட்கமே மூலதனம். மனைவிக்குத் தெரிந்தால்? வேலை செய்யும் இடத்துக்குத் தெரிந்தால்? நினைவு சரியாக இல்லாதபோது 'நான் கையொப்பமிடவில்லை' என்று எப்படிச் சத்தியம் செய்வது? இந்தத் தயக்கம்தான் அவர்களுக்கு மாதக்கணக்கில் பாதுகாப்பளித்தது. சாவகச்சேரியில் மாஸ்ரர் கூற்றைக் கிழிக்க நினைத்ததும் இதே தயக்கத்தினால்தான். அவர் எந்த விடுதிக்கும் போகாதவர். அந்த ஆண்களோ ஏதோவொரு மதுச்சாலைக்குப் போனவர்கள். ஆயினும் கள்வனின் கணக்கில் இருவரும் ஒன்றே.

'நான் செய்யவில்லை' என்பவர்கள் எல்லோரும் உண்மை பேசுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2003இல் நியூயோர்க் நடன விடுதியொன்றில் 'சவ்விஸ்' என்ற நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியின் அட்டையில் ஓரிரவில் 241,000 டொலர் விழுந்தது. தாம் செலவிட்டது 20,000 டொலருக்கு மேற்படாது என்பது அவருடைய வாதம். அட்டை நிறுவனம் 2005இல் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் பதவி விலகினார். இத்தகைய பிணக்குகள் இருப்பதால்தான் வங்கிகள் முறைப்பாட்டாளரைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. ஆகவே எமது முறைப்பாடு எழுத்திலும் ஆதாரத்தோடும் இருக்கவேண்டும்.

மாஸ்ரரோடு நானும் வங்கிக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த இளம் உத்தியோகத்தர் கூற்றைப் பார்த்தார், மாஸ்ரரைப் பார்த்தார், பிறகு, "ஐயா, வீட்டிலை ஆரும் பாவிச்சிருப்பினம். ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோ" என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். தலைகள் திரும்பின. அந்த வரிசையில் மாஸ்ரரிடம் படித்தவர்கள் இரண்டுபேராவது நின்றிருப்பார்கள். அவர் வெளியே போய்விடுவார் என்றே எண்ணினேன். அவர் போகவில்லை. "அட்டையை இப்பவே நிப்பாட்டும். மிச்சத்தை எழுத்திலை தாறன்" என்றார். வகுப்பறைக் குரல் அது.

கிளினிக் கொப்பியின் பிரதியை இணைத்து முறைப்பாட்டைக் கையளித்தோம். தென்மராட்சி மக்களிடம் காகிதங்களைக் காப்பாற்றும் பழக்கம் ஊறிப்போனது. 2000ஆம் ஆண்டுப் போரில் அந்த நகரமே தரைமட்டமானது. கையில் ஒரு பையோடு வெளியேறியவர்கள் அந்தப் பையில் உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத்தான் வைத்திருந்தார்கள். அதனால் மாஸ்ரரிடம் பழைய கூற்றுகள் யாவும் ஒழுங்காக இருந்தன. வெளிநாட்டு விடுதி எதற்கும் அந்த அட்டை முன்னர் பயன்பட்டதில்லை என்பதைக் காட்ட அவை உதவின.

மூன்று வாரங்களின் பின் வந்த முதற் பதில் ஏமாற்றமளித்தது. அட்டை விபரங்கள் சரியாக உள்ளிடப்பட்டிருப்பதால் வாடிக்கையாளரே பொறுப்பு என்று அது கூறியது. மாஸ்ரர் இரண்டாவது கடிதத்தில் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார். அட்டை நேரிற் பயன்படுத்தப்பட்டதா? ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பப்பட்டதா? அனுப்பப்பட்டதாயின் எந்தத் தொலைபேசிக்கு? தேடிப்பார்த்தபோது, அது இணையவழி மேசை முன்பதிவு என்பதும், அந்த வியாபாரி கடவுச்சொல்லே கோரவில்லை என்பதும் தெரியவந்தன. அத்தகைய பரிசோதனையைச் செய்யாத வியாபாரியே பொதுவாக நட்டத்தைச் சுமக்கவேண்டும் என்பது அட்டை வலையமைப்புகளின் விதி. மூன்றாம் மாதம் பணம் திரும்பியது. அட்டை எண் எங்கிருந்து கசிந்தது என்பது இன்றுவரை தெரியவில்லை.

இப்பக்கத்தை வாசிப்போர் பல நாடுகளில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். காலந்தான் இதில் பெரிய விடயம். பிரித்தானியாவில் அங்கீகரிக்கப்படாத செலவைத் தாமதமின்றி, எப்படியும் 13 மாதங்களுக்குள், அறிவிக்கவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு விதி. அமெரிக்காவில் கடனட்டைக் கூற்று அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். களவாடப்பட்ட அட்டைக்கு வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டொலரைத் தாண்டாது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் பிழை இல்லாத இடத்தில், மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு நட்டம் எதுவும் வராது என்றது. இலங்கையில் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட வேண்டும். அது பயன்தராவிடின் 2003 முதல் இயங்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமோ, 2020இல் மத்திய வங்கி அமைத்த நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திடமோ போகலாம். இந்த நாட்களெல்லாம் நாம் வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மலாயாவிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தை ஒரு காலத்தில் 'மணியோடர் பொருளாதாரம்' என்றார்கள். அக்காலத்தில் பணத்தோடு தபாற்காரரும் வருவார்; யார் அனுப்பினார், எவ்வளவு அனுப்பினார் என்பது ஒழுங்கை முழுவதும் தெரியும். பிள்ளையின் குணத்தையே பணம் வரும் திகதியை வைத்து எடைபோட்ட சமூகம் நாம். இன்று பணம் வரும் வழி மாறிவிட்டது. எடைபோடும் பழக்கம் மாறவில்லை. பிள்ளை எப்படிப்பட்டவன் என்று முப்பது ஆண்டுகளாகக் கண்ட பெற்றோர், இரண்டு டசின் எழுத்துகள் கொண்ட ஒரு வரியை அதற்கு மேலாக நம்பத் தயாராகிவிடுகிறார்கள்.

உங்கள் கூற்றிலும் ஒருநாள் அறியாத பெயரொன்று வரலாம். அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களை முதலில் பாருங்கள். வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துங்கள். பிறகு வீட்டில் உள்ளவரிடம், குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல், 'இது உனக்குத் தெரியுமா?' என்று சாதாரணமாகக் கேளுங்கள். உண்மையிலேயே உங்கள் பிள்ளை அங்கே போயிருந்தால், அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கவேண்டிய வேறு விடயம். போகாத பிள்ளையின் பெயரில் கள்வனுக்குக் காசு கட்டிவிட்டு, அந்தப் பழியையும் பிள்ளையின் தலையிற் சுமத்திவிட்டால், அதைத் திருப்பித்தர எந்த வங்கியிலும் ஏற்பாடு கிடையாது.